யார் வீட்டுச் சமாசாரம்?

தொடக்கப்பள்ளி என்பது எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஊரிலுள்ள வீடுகளின் சமாசாரமெல்லாம் வந்து சேருகிற இடமும் அதுதான். ஏழு வயதுக் குழந்தையிடம் ரகசியம் தங்காது. தம்பி பிறந்தது, பாட்டி செத்துப்போனது, அப்பா இரவில் குடித்துவிட்டு வந்தது, அம்மா வளையலை அடகு வைத்தது எல்லாவற்றையும் பென்சில் டப்பாவோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு தெருவின் உண்மை, அந்தத் தெருவின் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடத் தெரியாது.

இப்படி வந்து சேருகிற சமாசாரத்தை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. பார்வைக்குச் சின்னக் கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு தரம் தோற்றுப்போனவன் நான். ஆகவே எனக்கு அது சின்னதாகத் தோன்றவில்லை.

முதலில் எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அன்று முதல் இந்தப் பிரதேசம் வந்தவர்களின் பிரதேசம்தான். யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் என்று வேறு ஒன்றைச் சொல்வார்கள்: திருநெல்வேலி, விழுப்புரம், ஆரணி, ஆந்திரா. ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் மனை போட்டு, வீடு கட்டி, கேட்டைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். 2021ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் பெருங்களத்தூர், சிட்லபாக்கம் போன்ற பேரூராட்சிகளையும் ஒன்றாகக் கட்டி மாநகராட்சி ஆக்கினார்கள். ஊர்கள் சேர்ந்துவிட்டன. அதற்காக அடுத்த வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரிந்துவிட்டதா என்ன?

இந்த நிலையில், மனிதர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள மிஞ்சியிருக்கிற இடம் பள்ளிக்கூட வாசல் ஒன்றுதான். சாயங்காலம் மூன்றரை மணிக்கு அங்கே நிற்கிற கூட்டத்தில் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது. குழந்தையின் பெயரைச் சொல்லி, அவளுடைய அப்பா, இவனுடைய அம்மா என்று கூப்பிட்டுக்கொள்வோம். அங்கே ஏற்பட்ட பழக்கம் பின்னால் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவாகவும் ஆயிற்று. காணாமல் போன தண்ணீர் பாட்டில், நாளைக்கு எந்த வண்ணச் சட்டை, யாருக்கு அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டில் புதுமனை புகுவிழா, எந்தத் தாத்தா காலமானார் எல்லாம் அதில் வரும். அழகான விஷயம்தான். ஊர் இல்லாதவர்களுக்கு அது ஒரு ஊர்.

2019ல் என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளுடைய வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இதை என் மகள்தான் வந்து சொன்னாள். நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு அறை, அதில் ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே குழந்தைகளின் புத்தகங்கள். அவன் தாயார் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்றும், மாத்திரைக்குப் பணமில்லை என்றும் தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் எழுத்தாளன் அல்லவா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். அந்த அறையை, அந்தக் கட்டிலை, கட்டிலுக்குக் கீழே இருந்த புத்தகங்களை எழுதினேன். பையன் பெயரைப் போடவில்லை. 'மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்' என்றுதான் போட்டேன். பெரிய நாகரிகம் செய்துவிட்டதாக எண்ணம். இரவு ஒன்பது மணிக்கு அதைக் குழுவில் போட்டேன். ஒன்பதே காலுக்குள் பெயர் வந்துவிட்டது. ஒன்பதரைக்குள், ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி யாரோ போட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. உதவுகிறவர்கள் ஆளைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். இரண்டு நாளில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. கைகூப்புகிற பொம்மைகள் எனக்கு எத்தனை வந்தன என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவில்லையே தவிர, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"பணம் வந்துச்சு சார். ஆஸ்பத்திரிக்கு உதவுச்சு. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அப்புறம் சற்று நேரம் பேசவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான் சார். 'உங்க அப்பாவுக்கு எங்க அப்பா முன்னூறு ரூபா குடுத்தாரு'ன்னு ஒரு புள்ள சொல்லிடுச்சாம். புள்ளைங்க தானே, வெவரம் தெரியாம சொல்றது. உங்க பாப்பா இல்ல சார். அவ நல்ல பொண்ணு."

நான் ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தேன். முன்னூறு என்று சொன்னதால் அது என் மகள் இல்லை என்று அந்த நிமிஷத்தில் ஒரு கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்தேன். வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன். என் மகள் வேறு ஏதாவது சொன்னாளா என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வருஷமே அந்தப் பையனைச் செய்யாறு பக்கத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பி, அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

இப்பொழுது சொல்லுங்கள்: நான் செய்தது நன்மையா, தீமையா? பணம் வந்தது நிஜம். எலும்பு கூடியது நிஜம். ஒரு எட்டு வயதுப் பையன் தன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனதும் நிஜம். நன்மையும் தீமையும் இரண்டு வெவ்வேறு காரியங்களிலிருந்து வந்திருந்தால் எனக்குச் சிரமமில்லை. ஒரே காரியத்தின் இரண்டு கைகளாக வந்திருக்கின்றன.

இதைப் பல வருஷங்கள் யோசித்தபோது, என்னுடைய நான்காம் வகுப்பு வாத்தியார் அடிக்கடி நினைவுக்கு வந்தார்.

1988ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். பெருங்களத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985ல்தான் திறந்திருந்தது. சென்னை நகரத்துக்குள் இருந்த மிருகங்களெல்லாம் எங்கள் பக்கத்து ஊருக்குக் குடிவந்துவிட்டன என்று எங்களுக்கு ஒரே பெருமை. வகுப்பு முழுவதையும் வேன் வைத்து அழைத்துப் போவதென்றும், தலைக்கு ஐந்து ரூபாய் என்றும் ஏற்பாடு. பாதிப் பேர் பணம் கட்டிய பிறகு, திடீரென்று வாத்தியார் கட்டின பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேன்ல போனா வழி தெரியாதுடா. நடந்தே போலாம்" என்றார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நடந்தோம். நுழைவுச் சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்கிற வயசு அல்ல அது. புலியை நன்றாகப் பார்த்தேன். திரும்பி வரும்போது செருப்பு அறுந்துபோனது.

இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். அந்த வருஷம் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் கதவடைப்பு. எட்டு மாசம் சம்பளம் இல்லை. "வாத்தியார்கிட்ட போயி, புள்ளைக்கு அன்னிக்கு ஜுரம்னு சொல்லிடறேன் சார், அவன் வர மாட்டான்னு சொன்னேன். அதுக்கு அவரு, 'ஜுரம்னு பொய் எல்லாம் சொல்ல வேணாம்மா. நடந்தே போயிடலாம்னு இருக்கேன்'னாரு" என்றாள்.

வகுப்பில் இருந்த நாற்பது பேரும் எனக்காக நடந்தார்கள். நாற்பது பேரில் ஒருவனுக்கும் அது தெரியாது. எனக்கே தெரியாது. என் வீட்டுச் சமாசாரம் வாத்தியார் காதுக்குள் போய் அங்கேயே தங்கி, வெளியே வரும்போது ஒரு உல்லாசப் பயணமாக மாறி வந்திருக்கிறது. நான் செய்ததற்கும் அவர் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சமாசாரம்தான் கிடைத்தது. அவர் அதைச் செய்கையாக மாற்றினார். நான் செய்தியாக மாற்றினேன்.

"சரி ஐயா, ஐந்து ரூபாய்க்கு நடக்கலாம். இடுப்பு எலும்பு முறிந்தால் நடக்க முடியுமா? நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் உதவ முடியும்?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது சரியாகாது.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. இரண்டாம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அன்றைக்குச் சமாசாரம்தான் உயிர் காத்தது. எந்த மாடியில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எந்தச் சந்தில் இன்னும் ஆள் பாக்கி என்பதை வாய்க்கு வாய் சொல்லிப் படகுக்காரர் காது வரை கொண்டுபோனோம். அன்றைக்கு யாராவது, 'இது அவர்கள் வீட்டு விஷயம், நமக்கென்ன' என்று இருந்திருந்தால் அது பாவம்.

ஆனால் கவனியுங்கள். அன்றைக்கு அந்தச் சமாசாரம் படகை நோக்கிப் போயிற்று. வேடிக்கை பார்க்கிறவனை நோக்கிப் போகவில்லை. எல்லோரும் ஒரே தண்ணீரில் நின்றோம். ஆகவே சொன்னவனும் கேட்டவனும் சொல்லப்பட்டவனும் சமம். நான் எழுதிய அந்த ராத்திரி அப்படியா? இருநூறு பேர் படித்தார்கள். அவர்களில் உதவக்கூடியவர்கள் அறுபது பேர் இருக்கலாம். மீதிப் பேருக்கு அது ஒரு காட்சி. அந்த அறுபது பேருக்கும்கூட, பணம் கொடுத்த நிமிஷத்தில் அந்தப் பையனைவிட ஒரு படி உயரத்தில் நிற்கிற உரிமை கிடைத்துவிட்டது. அந்த உரிமையைப் பெரியவர்கள் பண்பினால் மறைத்துக்கொள்வார்கள். குழந்தைகள் மறைக்க மாட்டார்கள்; வாய் விட்டுச் சொல்லிவிடுவார்கள். முன்னூறு ரூபாயைப் பற்றிப் பேசிய குழந்தை புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நம் மனசில் இருந்ததைச் சொல்லிற்று.

சமாசாரம் வெளியானால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னும் கொடுமையான பாடம் ஒன்றையும் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. காசநோய்க்காரர்களுக்கென்று 1928ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரால் இங்கே ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில்தான் 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 'தாம்பரத்துக்குப் போயிருக்கிறான்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னாலே ஊரில் அர்த்தம் புரிந்துவிடும் என்கிற காலம் ஒன்று இருந்தது. தகப்பனின் நோய் பிள்ளையின் பெஞ்சு வரைக்கும் போகும். 2003ல் கேரளத்தில் கொல்லம் பக்கத்தில் இந்த நோய்க் கிருமி இருந்த இரண்டு குழந்தைகளோடு தங்கள் குழந்தைகள் உட்காரக் கூடாதென்று பெற்றோர்களே எதிர்த்து நின்றார்கள். அவர்களும் பிள்ளைகளிடம் பாசம் உள்ளவர்கள்தான். 2017ல் இதற்கென்று பார்லிமென்டில் ஒரு சட்டம் செய்தார்கள்: ஒருவருடைய நோயை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது, பள்ளிக்கூடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. ஒரு வீட்டின் சமாசாரம் அந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதை ஒரு நோயின் விஷயத்திலாவது சட்டம் ஒப்புக்கொண்டது. பசிக்கும் கடனுக்கும் முறிந்த எலும்புக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் செய்யாத அந்தக் காரியத்தை நம் நாட்டில் சோறு செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1920ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. 1956ல் காமராசர் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியது; 2023ல் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. இதையெல்லாம் வயிற்றுக் கணக்காகவே பேசுகிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. 'ஏழைகள் மட்டும் கை தூக்குங்கள்' என்று கேட்டுப் போடுகிற சோற்றுக்கும், வந்திருக்கிற குழந்தைகளெல்லாம் உட்காரலாம் என்று போடுகிற சோற்றுக்கும் ருசி ஒன்றல்ல. காலையில் பொங்கலும் சாம்பாரும் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் என்று ஆகிவிட்டால், எந்தக் குழந்தை வீட்டில் நேற்று ராத்திரி அடுப்பு எரியவில்லை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குழந்தை ஒரு சமாசாரமாக ஆகாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவுகிறது. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைவராக இருந்த காலத்தில் சீருடை பரவியதற்கும் இதுதான் பொருள். சட்டை பேசாமல் இருக்கட்டும் என்பதுதான் அது. கிழிந்த சட்டை மாதிரி வீட்டுக் கதையை உரக்கச் சொல்வது வேறு எதுவும் கிடையாது.

என்றாலும் எல்லாவற்றையும் எல்லாருக்கும் என்று செய்துவிட முடியாது. சாரத்திலிருந்து எல்லாருடைய தகப்பனாரும் விழுவதில்லை. அந்த இடத்தில் என்ன செய்வது? நான் கண்டுகொண்டது ஒரு சின்ன விதிதான். ஒரு வீட்டின் சமாசாரம் நம்மிடம் வந்தால், அதை யாரிடம் சொன்னால் காரியம் நடக்குமோ அவரிடம் மட்டும் சொல்வது. அதற்கும் முன்னால் அந்த வீட்டாரைக் கேட்டுக்கொள்வது. இது பெரிய தத்துவம் இல்லை. அந்த அம்மாளிடம் அன்றைக்கு, "இதை நாலு பேரிடம் சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால், "எச்.எம். கிட்ட மட்டும் சொல்லுங்க சார்" என்றிருப்பாள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு ஒன்று உண்டு, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதி பெண்கள். நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு குழந்தைக்கு ஆக வேண்டியதைச் செய்துவிட்டு எழுந்து போக இடம் இருக்கத்தான் இருக்கிறது. இருநூறு பேர் வேண்டியதில்லை.

நான் ஏன் கேட்கவில்லை? இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. அந்த அறையையும் கட்டிலையும் எழுத வேண்டும் என்று கை துடித்தது. ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எனக்கு இருபது வருஷமாகச் சோறு போடுவது பிறர் வீட்டுச் சமாசாரம்தான். நாவல் என்று நான் எழுதுவதெல்லாம் வேறென்ன? ஊரை மாற்றி, பெயரை மாற்றி, ஆணைப் பெண்ணாக்கி எழுதினாலும், அடிப்படையில் யாரோ ஒருவர் தன் வீட்டுக்குள் அழுத அழுகைதான் அது. கதையில் அதற்கு ஒரு மன்னிப்பு உண்டு. படிக்கிறவன் அதில் தன்னைப் பார்க்கிறான், இன்னாரைப் பார்ப்பதில்லை. குழுவில் நான் எழுதியதைப் படித்தவர்கள் இன்னாரைத்தான் பார்த்தார்கள். கதைக்கும் வம்புக்கும் இடையில் இருக்கிற சுவர் அவ்வளவு மெல்லிசானது. இந்தக் கட்டுரையிலேகூட அந்தச் சுவரைத் தாண்டிவிடக் கூடாதென்று பையனுக்கும் பள்ளிக்கும் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். போதுமான அளவுக்கு மாற்றினேனா என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது.

என் மகன் இப்பொழுது அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் வந்து, தன் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றும், அவள் ஒரு வாரமாக ஒரே சட்டையில் வருகிறாள் என்றும் சொன்னான். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றான். "சொல்லாதே" என்றேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினான்.

மறுநாள் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். இப்பொழுது இருப்பவர் புதியவர். நான் விஷயத்தை ஆரம்பித்து நாலு வார்த்தை சொல்வதற்குள் கை அமர்த்தினார்.

"எனக்குத் தெரியும் சார். அவ அத்தை நாளைலேர்ந்து இங்கயே வந்து இருக்கப் போறாங்க. ரெண்டு செட் யூனிஃபார்ம் நேத்தே குடுத்தாச்சு. அவளுக்கு மட்டும் குடுத்தா மாதிரி இருக்கக் கூடாதுன்னு இன்னும் மூணு புள்ளைங்களுக்கும் சேத்துக் குடுத்தோம்."

நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"சார், நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. இதைப் பத்தி எங்கயும் எதுவும் எழுதிடாதீங்க."